சவுண்ட் இன்ஜினியரிங் வகுப்பு எடுக்கப்போகிறேன்: எதில் தொடங்குவது, ஒரே ஸ்டுடியோவை 15 பேருக்கு எப்படிப் பிரிப்பது?

தடம்_எட்டு (கேள்வி)

வணக்கம். மிக்ஸிங், டப்பிங் ரெக்கார்டிங் இரண்டும் என் தொழில். இப்போது 12 வார அடிப்படைப் பயிற்சி ஒன்றை நடத்தித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். வாரத்துக்கு இரண்டு வகுப்பு, ஒவ்வொன்றும் 3 மணி நேரம், மாணவர்கள் 15 பேர். இருப்பது ஒரு கன்ட்ரோல் ரூம், அதை ஒட்டி ஒரு சிறிய ரெக்கார்டிங் அறை, 16 இன்புட் உள்ள இன்டர்ஃபேஸ், டைனமிக்கும் கன்டென்சருமாக 8 மைக். எல்லோரிடமும் லேப்டாப்பும் ஹெட்ஃபோனும் உண்டு.

சேர வருகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பதே மாஸ்டரிங் (மிக்ஸ் முடிந்த பாட்டுக்குக் கொடுக்கும் இறுதி மெருகு) பிளக்-இன் (மென்பொருளில் சேர்க்கும் கருவி) பற்றித்தான். எனக்கோ அங்கிருந்து ஆரம்பிப்பதில் உடன்பாடில்லை. பாடத்தை எந்த வரிசையில் அடுக்கலாம்? காதுப் பயிற்சியை வகுப்புக்குள் கொண்டுவர முடியுமா? ஒரே ஒரு ஸ்டுடியோவில் 15 பேருக்கும் கைப்பழக்கம் வருவது எப்படி? ஏற்கெனவே கற்பித்துக்கொண்டிருப்பவர்கள் விவரமாகச் சொன்னால் நல்லது. பொதுவான அறிவுரையைவிட, எதை எவ்வளவு, எந்த அளவில் என்று சொன்னால் நேரே பாடத்திட்டத்தில் எழுதிக்கொள்வேன்.

பின்_இரண்டு

சிக்னல் போகும் வழியில் தொடங்குங்கள். மைக், கேபிள், ப்ரீஆம்ப் (மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெருக்குவது), கன்வெர்ட்டர் (சிக்னலை எண்களாக மாற்றுவது), மென்பொருளில் டிராக், பஸ் (பல டிராக் சேரும் பாதை), மாஸ்டர், மறுபடி கன்வெர்ட்டர், மானிட்டர் கன்ட்ரோல், ஸ்பீக்கர். இந்தப் பாதையை ஒவ்வொருவரும் பேப்பரில் வரைய வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் அளவைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் எது, அதைக் காட்டும் மீட்டர் எது என்பதையும் பக்கத்திலேயே குறிக்க வேண்டும். இதை மனப்பாடமாகச் சொல்ல வைப்பதில் பயனில்லை. நீங்கள் வேண்டுமென்றே கெடுத்துவைத்த ஒரு செட்டப்பைச் சரிசெய்யச் சொன்னால்தான் படம் மண்டையில் ஏறும்.

கெடுப்பதற்குச் சில வழிகள். கன்டென்சர் மைக்குக்குக் கேபிள் வழியே போகும் 48 வோல்ட் மின்சாரத்தை (ஃபேன்டம் பவர்) அணைத்துவையுங்கள், சத்தமே வராது. மைக்கில் உள்ள, சிக்னலைக் குறைக்கும் பேட் சுவிட்சைப் போட்டுவையுங்கள். வரும், ஆனால் கெயினை (ப்ரீஆம்ப் பெருக்கும் அளவை) ஏகமாகத் திருப்ப வேண்டியிருக்கும், இரைச்சலும் கூடவே ஏறும். 48 கிலோஹெர்ட்ஸில் (விநாடிக்கு 48,000 சாம்பிள்) பதிந்த ஃபைலை 44.1 செஷனில் மாற்றம் செய்யாமல் ஓடவிடுங்கள். 60 விநாடிப் பதிவு 65 விநாடிக்கு மேல் நீளும், சுருதி கிட்டத்தட்ட ஒன்றரை செமிடோன் இறங்கும். மென்பொருள் மானிட்டரிங்கையும் இன்டர்ஃபேஸின் நேரடி மானிட்டரிங்கையும் சேர்த்துத் திறந்துவையுங்கள். பாடுபவர் காதில் குரல் குழாய்க்குள் இருந்து வருவதுபோல் கேட்கும்.

எல்லாவற்றிலும் நல்ல பாடம் பின் 2-ம் பின் 3-ம் இடம் மாறிய எக்ஸ்எல்ஆர் கேபிள்தான் (மைக்கை இணைக்கும், மூன்று பின் உள்ள கேபிள்). அதைத் தனியாகப் போட்டுக் கேட்டால் குற்றம் குறையே தெரியாது. அதே வாத்தியத்துக்கு இன்னொரு மைக்கும் திறந்திருக்கும்போது மட்டும் அடி ஒலி காணாமல் போகும். மாணவர் இரண்டு மைக்கையும் தனித்தனியாகச் சோதித்து "இரண்டுமே சரி" என்பார். சேர்த்துக் கேட்க வேண்டும், ஒரு சேனலில் போலாரிட்டியை (அலையின் மேல்-கீழ் திசையை) திருப்பிப் பார்க்க வேண்டும் என்பது அப்போதுதான் உறைக்கும். பின் 3 அறுந்த கேபிளும் ஒன்று செய்துவையுங்கள். அனுப்பும் கருவியின் வெளியீட்டைப் பொறுத்து, சிலதில் 6 டெசிபல் மட்டும் குறையும், டிரான்ஸ்ஃபார்மர் உள்ள சிலதில் மெலிந்த ஒலிதான் வரும் அல்லது வரவே வராது.

தேடும் முறையையும் சொல்லிக்கொடுங்கள். பாதையின் நடுவில், அதாவது டிராக்கின் இன்புட் மீட்டரில், முதலில் பார்க்க வேண்டும். அங்கே சிக்னல் இருந்தால் கோளாறு அதற்குப் பிறகு, இல்லாவிட்டால் அதற்கு முன்பு. மீதிப் பாதியை மறுபடி பாதியாக்கு. ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றியது பலன் தராவிட்டால் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததைத் தொடு. இந்தக் கடைசி விதியை மீறுகிறவர்கள்தான் ஒரு கோளாறை மூன்றாக்குகிறார்கள்.

மின் இணைப்பில் மட்டும் விளையாட்டே கூடாது. 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் ஹம் வந்தால் பிளக்கின் எர்த் பின்னை எடுத்துவிடுவது உயிருக்கு ஆபத்து. வாத்தியத்தை நேராக மைக் இன்புட்டில் இணைக்க உதவும் டிஐ பாக்ஸின் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் சிக்னல் பக்கத்து எர்த்தைத்தான் பிரிக்கிறது, மின்சாரப் பக்கத்து எர்த்தைத் தொடுவதில்லை. இந்த வித்தியாசம் முதல் வாரத்திலேயே எல்லோருக்கும் தெரிந்தாக வேண்டும்.

அடுத்தது கெயின். சத்தமான இடத்தில் பீக் (உச்ச அளவு) −10 டிபிஎஃப்எஸ் (டிஜிட்டலில் எட்டக்கூடிய உச்சத்தை 0 என்று வைத்து அளக்கும் டெசிபல்) பக்கம், சராசரி −18 பக்கம் நிற்கும்படி ப்ரீஆம்பை வைக்கப் பழக்குங்கள். 24 பிட்டில் கணக்குப்படி 144 டெசிபல் இடமிருக்கிறது. நிஜ கன்வெர்ட்டர்கள் தருவது 110 முதல் 120 வரை. ஆகவே மேலே 10 டெசிபல் விட்டுவைப்பதால் எந்த நஷ்டமும் இல்லை. இன்புட்டில் கிளிப் ஆக (உச்சத்தைத் தாண்டி அலையின் முனை வெட்டுப்பட) விட்டு, ஃபேடரை −20-க்கு இறக்கிக் காட்டுங்கள். சத்தம் குறையும், கிழிசல் அப்படியே இருக்கும். அதற்கு நேர்மாறாக, 32 பிட் ஃப்ளோட்டில் ஓடும் மென்பொருளுக்குள் ஒரு டிராக் 0-ஐத் தாண்டினாலும் மாஸ்டரில் இறக்கினால் சேதமில்லை. கன்வெர்ட்டரிலோ 24 பிட் ஃபைலாக வெளியேற்றும்போதோதான் வெட்டுப்படும். சிவப்பு விளக்கு எங்கே எரிந்தால் கவலைப்பட வேண்டும் என்று பிரித்தறியத் தெரிய வேண்டும்.

காதுகொடு

பின்_இரண்டு சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன். முதல் நாளே எல்லோரும் தங்கள் குரலை ஒரு நிமிடம் பதிவுசெய்துவிடட்டும், எப்படி வந்தாலும் சரி. அந்த ஃபைலை வைத்துக்கொண்டே பாதையையும் கெயினையும் விளக்கலாம். வெறும் படமும் கேபிளுமாகவே ஒரு வாரத்துக்கு மேல் போனால் ஆர்வம் வடிந்துவிடும்.

காதுப் பயிற்சிக்கு ஒவ்வொரு வகுப்பின் தொடக்கத்திலும் 15 நிமிடம் ஒதுக்குங்கள். கடைசியில் வைத்தால் காது களைத்திருக்கும், பலிக்காது. முறை இது: பிங்க் நாய்ஸை (எல்லா ஆக்டேவிலும் சம ஆற்றல் உள்ள இரைச்சல்) ஓடவிட்டு, ஈக்யூவில் (அலைவரிசை வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கருவி) ஒரே ஒரு பேண்டை 12 டெசிபல் உயர்த்துங்கள், க்யூ (பேண்டின் அகலத்தைக் குறிக்கும் எண்) 1.4, அதாவது ஏறத்தாழ ஒரு ஆக்டேவ் அகலம். முதல் வாரம் 125, 500, 2,000, 8,000 ஹெர்ட்ஸ் நான்கு மட்டும். பிறகு 63, 125, 250, 500, 1,000, 2,000, 4,000, 8,000, 16,000 என்று ஒன்பதும். பெரும்பாலானவர்கள் சரியாகச் சொல்லத் தொடங்கியதும் உயர்வை 6 டெசிபலாக்குங்கள். அதன் பிறகு உயர்த்துவதற்குப் பதில் குறைத்துக் காட்டுங்கள். குறைத்ததைக் கண்டுபிடிப்பது உயர்த்தியதைவிட நிறையக் கடினம், அதில் தடுமாறினால் மனம் தளர வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பிங்க் நாய்ஸிலிருந்து பாட்டுக்கு மாறும்போது எல்லோருடைய மதிப்பெண்ணும் விழும். பாட்டில் அந்த அலைவரிசையில் அந்த நேரம் ஒலி இருந்தால்தானே மாற்றம் கேட்கும்.

63 ஹெர்ட்ஸ் பேண்டை லேப்டாப் ஸ்பீக்கரில் பயிற்சி செய்வது வீண், அங்கே அந்த ஒலியே கிடையாது. கன்ட்ரோல் ரூமிலும் உட்காரும் இடத்தைக் கவனியுங்கள். 4 மீட்டர் நீள அறையின் முதல் ரூம் மோட் (சுவர்களுக்கு இடையே ஒலி எதிரொலித்துத் தேங்கும் அலைவரிசை) சுமார் 43 ஹெர்ட்ஸ் (343-ஐ 8-ஆல் வகுத்தது). நீளவாக்கில் நட்டநடுவில் உட்கார்ந்தவருக்கு அந்தச் சுருதி மறைந்துபோகும், பின்சுவரை ஒட்டி உட்கார்ந்தவருக்குக் குமுறும். 15 பேரையும் ஒரே அறையில் வைத்து பேஸ் அளவைப் பற்றி விவாதித்தால் ஆளுக்கொரு பதில் வரும், எல்லாமே அவரவர் நாற்காலியில் உண்மையாகத்தான் இருக்கும். ஒரு சைன் அலையை ஓடவிட்டு அறையை நடந்து பார்க்கச் சொல்லுங்கள், வேறு விளக்கமே தேவைப்படாது.

கம்ப்ரஸரை (சத்தமான இடங்களைத் தானாகக் குறைக்கும் கருவி) கற்பிக்கும்போது மிதமான செட்டிங்கில் ஆரம்பிக்காதீர்கள். டிரம் லூப் ஒன்றை எடுத்து, ரேஷியோ 8:1, கெயின் ரிடக்‌ஷன் 10 டெசிபல் வரும்வரை த்ரெஷோல்டை (அது செயல்படத் தொடங்கும் அளவை) இறக்குங்கள். அட்டாக்கை (குறைக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தை) 0.1 மில்லி செகண்டிலிருந்து 30 வரை மெல்ல நகர்த்தினால், அடியின் கூர்மை முதலில் நசுங்கியும் பிறகு தப்பித்து முன்னால் குதித்தும் வருவது எவருக்கும் கேட்கும். ரிலீஸை (குறைத்ததை விட்டுவிட எடுத்துக்கொள்ளும் நேரத்தை) 50-லிருந்து 500 வரை நகர்த்துங்கள். அடிகளுக்கு நடுவே அறையின் ஒலி மேலேறி இறங்குவது கேட்கும். அடுத்து பேஸ் கிட்டார். 50 ஹெர்ட்ஸ் அலையின் ஒரு சுற்று 20 மில்லி செகண்ட். அட்டாக்கும் ரிலீஸும் அதைவிடக் குறைவாக இருந்தால் கம்ப்ரஸர் பாட்டின் ஏற்ற இறக்கத்தை விட்டுவிட்டு அலையின் வடிவத்தையே பின்தொடரும், கரகரப்பு வரும். எண்களை மனப்பாடம் செய்வதைவிட இந்தக் காரணம் தெரிந்தால் செட்டிங்கை அவர்களே கணித்துவிடுவார்கள்.

ஒன்றை மிகக் கண்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். பிளக்-இன் போட்டதற்கு முன், பின் என்று ஒப்பிடும்போது இரண்டின் அளவும் சமமாக இருக்க வேண்டும், 0.2 டெசிபலுக்குள். 1 டெசிபல் கூடினாலே காது அதைச் சத்தம் என்று எடுத்துக்கொள்ளாமல் தரம் என்று எடுத்துக்கொள்ளும். ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-ல் வெளியிட்ட சம உரப்பு வளைகோடுகளை இங்கேயே சொல்லிவிடலாம்: அளவு கூடக் கூட அடி ஒலி காதுக்குக் கூடுதல் விகிதத்தில் கேட்கிறது. பிளக்-இன் வாங்கச் சொல்லும் செய்முறைக் காட்சிகளில் பாதி இந்த ஒன்றில்தான் நிற்கின்றன. அளவைச் சமப்படுத்தக் கற்றுக்கொண்ட மாணவர் மாஸ்டரிங் பிளக்-இன் பற்றிக் கேட்கும் கேள்வியே மாறிவிடும்.

மோனோ_செக்

ஸ்டுடியோவைப் பிரிப்பது பற்றி. மூவர் மூவராக ஐந்து குழு. ஒருவர் இன்ஜினியர், ஒருவர் அறைக்குள் மைக்கும் கேபிளும் பார்க்கும் உதவியாளர், மூன்றாமவர் குறிப்பெடுப்பவர். குறிப்பெடுப்பவர் சேனல் எண், மைக், ப்ரீஆம்ப் கெயின், பேட், ஹை-பாஸ் (அடி ஒலியை வெட்டும் ஃபில்டர்), மைக்குக்கும் வாத்தியத்துக்கும் உள்ள தூரம் சென்டிமீட்டரில், இவ்வளவையும் எழுத வேண்டும். அடுத்த முறை பொறுப்புகள் சுழலும். ஒரு குழு ஸ்டுடியோவில் 35 நிமிடம் இருக்கும்போது மற்ற நான்கும் ஏற்கெனவே பதிந்த மல்டிடிராக்கில் லேப்டாப்பில் எடிட் செய்யட்டும். 3 மணி நேரத்தில் ஐந்து குழு சுற்றி வர அதுவே நெருக்கடிதான், இடையில் இடைவேளையே கிடையாது. ஆகவே அரங்கு அமைப்பைக் குழுவுக்குக் குழு கலைக்காமல், முந்தைய குழு வைத்ததில் ஒரு மைக்கை மட்டும் அடுத்த குழு மாற்றும்படி பயிற்சியை அமையுங்கள். ஒரு வகுப்பில் இரண்டு மூன்று குழு, மறு வகுப்பில் மீதி என்று பிரித்தால் இன்னும் நிதானமாகப் போகும்.

முந்தைய குழுவின் குறிப்பை வைத்தே அடுத்த குழு அதே ஒலியை மறுபடி கொண்டுவர வேண்டும் என்று ஒரு பயிற்சி வையுங்கள். குறிப்பில் தூரம் எழுதப்படவில்லை என்றால் வராது. குறிப்பு எழுதுவது எதற்கு என்று அதற்குமேல் பிரசங்கம் செய்ய வேண்டியதில்லை.

ஸ்டுடியோ கிடைக்காத நேரத்தில் ஃபேஸ் பாடத்தை (ஒரே ஒலி சற்றுத் தாமதித்து மறுபடி சேரும்போது நடப்பதை) லேப்டாப்பிலேயே முழுதாக நடத்தலாம். குரல் டிராக்கை நகல் எடுத்து, நகலை 48 கிலோஹெர்ட்ஸ் செஷனில் 48 சாம்பிள் பின்னால் தள்ளுங்கள். அது 1 மில்லி செகண்ட், காற்றில் சுமார் 34 சென்டிமீட்டர். இரண்டையும் ஒரே அளவில் சேர்த்தால் 500, 1,500, 2,500 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகப் பள்ளம் விழும். நகலின் போலாரிட்டியைத் திருப்பினால் பள்ளங்கள் 1,000, 2,000 என்று இடம் மாறும், அடி ஒலியும் போய்விடும். ஆகவே போலாரிட்டி பட்டன் தாமதத்தைச் சரிசெய்யாது, பள்ளத்தை வேறு இடத்துக்கு நகர்த்தும், அவ்வளவே. இப்போது நகலை 10 டெசிபல் குறையுங்கள். பள்ளம் 3 டெசிபல் சொச்சமாகச் சுருங்கிவிடும்.

3:1 விதியின் அடிப்படையும் அதுவே. இரண்டு பேர், இரண்டு மைக். ஒவ்வொரு மைக்கும் தன் ஆளிடமிருந்து 20 சென்டிமீட்டரில் இருந்தால் மைக்குகளுக்கு நடுவே 60 சென்டிமீட்டர் வேண்டும். மூன்று மடங்கு தூரத்தில் நேரடி ஒலி சுமார் 9.5 டெசிபல் இறங்குகிறது. இந்த விதியை ஒரே வாத்தியத்துக்கு வைத்த இரண்டு மைக்குக்குப் பொருத்திக் குழம்புகிறவர்கள் அதிகம். அங்கே இரண்டு மைக்கின் அளவையும் ஃபேடரில் சமமாக்கிவிடுவீர்கள், 9.5 டெசிபல் வித்தியாசம் காணாமல் போய்விடும், விதியும் செத்துவிடும். அந்த இடத்தில் மைக்கை நகர்த்திக் கேட்பதுதான் வழி, கேட்பதை மோனோவில் கேட்க வேண்டும்.

ஃபைல் ஒழுக்கத்தையும் முதல் வாரத்திலேயே கட்டாயமாக்குங்கள்: 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், டிராக்குக்கு முதலில் பெயர் பிறகு ரெக்கார்ட், ஒப்படைக்கும் ஃபைல்கள் எல்லாம் ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து. பிரதி மூன்று, இரண்டு வகைச் சாதனத்தில், அவற்றில் ஒன்று வேறு இடத்தில். "ஆடியோ_01_புதிது_கடைசி" என்ற பெயரில் வரும் ஃபைலைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தடம்_எட்டு

மிக்க நன்றி. கெடுத்துவைத்துக் கண்டுபிடிக்கச் சொல்வதையும் அளவைச் சமப்படுத்துவதையும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். இன்னும் இரண்டு சந்தேகம். மிக்ஸுக்கு மதிப்பெண் போடுவது எப்படி? என் ரசனைக்குப் பிடித்தது 80, பிடிக்காதது 50 என்று போட மனம் ஒப்பவில்லை. இன்னொன்று, படிப்பு முடித்ததும் இவர்கள் எந்த வேலைக்குப் போவார்கள் என்று நினைத்துப் பாடம் அமைப்பது? எல்லோரும் பாட்டு மிக்ஸ் செய்யத்தான் வருகிறார்கள்.

ரூம்டோன்

இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன், அதுதான் முதலாவதையும் தீர்க்கும். ஒலித்துறையில் தொடர்ந்து கிடைக்கிற வேலையில் பெரும்பங்கு பேச்சு: டப்பிங், ஒலிபரப்பு, பாட்காஸ்ட், ஆடியோபுக், இணைய வகுப்பு, மேடை நிகழ்ச்சி, படப்பிடிப்புத் தளத்தில் வசனப் பதிவு. 12 வாரத்தில் குறைந்தது 4 வாரம் பேச்சுக்கு ஒதுக்குங்கள். பாட்டு மிக்ஸ் செய்ய விரும்புகிறவருக்கும் அது நஷ்டமில்லை. வசனத்தைச் சுத்தமாக எடிட் செய்யத் தெரிந்தவர் பாடகரின் டிராக்கையும் அதே கையால் செய்துவிடுவார்.

குரல் பதிவுக்குத் தொடக்க அளவு: வாய்க்கும் மைக்குக்கும் 15 முதல் 20 சென்டிமீட்டர், பாப் ஃபில்டர் நடுவில், மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் 30 டிகிரி பக்கவாட்டில். "ப" உதைத்தால் ஈக்யூவைத் தேடாமல் முதலில் கோணத்தை மாற்ற வேண்டும். கார்டியாய்டு மைக்கில் (முன்பக்க ஒலியை அதிகமாக எடுப்பது) 5 சென்டிமீட்டருக்கு நெருங்கினால் ப்ராக்ஸிமிட்டி எஃபெக்டால் அடி ஒலி ஊதிக்கொள்ளும். பேசுபவர் தலையை ஆட்டினால் வாக்கியத்துக்கு வாக்கியம் குரலின் கனம் மாறுவதும் இதனால்தான், எந்தப் பிளக்-இன்னும் அதைச் சமமாகத் திருத்தாது. பதிவு முடிந்ததும் யாரும் அசையாமல் 30 விநாடி அறை ஒலியை எடுத்துவைக்கட்டும். எடிட்டில் இடைவெளியை வெற்று மௌனத்தால் நிரப்பினால் ஒவ்வொரு வெட்டும் கேட்கும். அந்த 30 விநாடிதான் நிரப்பு. வெட்டுமிடத்தில் 5 முதல் 10 மில்லி செகண்ட் கிராஸ்ஃபேட் (ஒன்று மங்க மற்றது ஏறும் இணைப்பு). மூச்சை அடியோடு நீக்காமல் 6 முதல் 10 டெசிபல் குறைத்தால் போதும், முழுதாக எடுத்தால் பேசுபவர் மூச்சுவிடாத இயந்திரமாகிவிடுவார். இரைச்சல் நீக்கும் கருவியை ஒரே தடவையில் 20 டெசிபலுக்கு ஓட்டினால் வார்த்தைகளின் வாலில் தண்ணீர்ச் சலசலப்புபோல் ஒன்று ஒட்டிக்கொள்ளும். 6 டெசிபலில் நிறுத்திக் கேட்கப் பழக்குங்கள்.

இப்போது மதிப்பெண். நூற்றில் 60-ஐ அளந்து பார்க்க முடிகிறவற்றுக்கு வையுங்கள். ஐரோப்பிய ஒலிபரப்புக்கான ஈபியூ ஆர்128 தரத்தில் ஒரு நிகழ்ச்சி: −23 லஃப்ஸ் (காதுக்குக் கேட்கும் சராசரி உரப்பின் அளவு), ட்ரூ பீக் (அலையின் உண்மையான உச்சம்) −1-ஐத் தாண்டக் கூடாது. ஆடியோபுக் தளமான ஏசிஎக்ஸ் கேட்கும் அளவில் இன்னொன்று: ஆர்எம்எஸ் (சராசரி அளவு) −23-க்கும் −18-க்கும் நடுவே, பீக் −3-க்குள், இரைச்சல் −60-க்குக் கீழே. ஒரே பதிவை இரண்டு தரத்திலும் ஒப்படைக்கச் சொல்லுங்கள். ஆடியோபுக் கணக்கு பார்க்க எளிது, செய்யக் கடினம். ஆர்எம்எஸ்ஸை ஏற்ற லிமிட்டரை அழுத்தினால் அறையின் இரைச்சலும் கூடவே ஏறி −60-ஐத் தாண்டிவிடும். அமைதியான அறையில் பதியாதவரால் மூன்றையும் ஒன்றாகத் தொட முடியாது. தவறு பதிவில் நடந்தது, தெரிவது ஒப்படைக்கும்போது. இதைவிட நல்ல தேர்வு எனக்குத் தெரிந்து இல்லை.

கிளிப் இல்லாமை, மோனோவில் எதுவும் மறையாமை, ஃபைல் பெயர், குறிப்புத்தாள், கெடுத்துவைத்த செட்டப்பைச் சரிசெய்ய எடுத்த நேரம், இவையும் அந்த 60-க்குள் வரும். மீதி 40 முடிவுகளுக்கு. ஒவ்வொரு முக்கிய டிராக்குக்கும் "என்ன கேட்டது, என்ன செய்தேன், செய்த பின் என்ன மாறியது" என்று மூன்று வரி எழுதச் சொல்லுங்கள். ஐந்து குழுவின் மிக்ஸையும் ஒரே லஃப்ஸ் அளவுக்குக் கொண்டுவந்து, பெயர் மறைத்து, வகுப்பே கேட்கட்டும். நீங்கள் பார்க்க வேண்டியது எழுதியதும் ஒலிப்பதும் ஒத்துப்போகிறதா என்பதை. "குரலை முன்னால் கொண்டுவர 3 கிலோஹெர்ட்ஸ் உயர்த்தினேன்" என்று எழுதியவரின் குரல் முன்னால் வந்திருந்தால் உங்களுக்குப் பிடிக்காத மிக்ஸானாலும் மதிப்பெண் உண்டு. "எல்லோரும் போடுவதால் போட்டேன்" என்பதற்குக் கிடையாது.

காதுகொடு

ரூம்டோன் சொன்னதோடு ஒன்று. ஒரு பிளக்-இன் "ஒலியை விரிக்கிறது, கனம் தருகிறது" என்று மாணவர் வாதாடினால் நல் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். போட்டதையும் போடாததையும் தனித்தனி ஃபைலாக எடுத்து, அளவு சமப்படுத்தி, ஒன்றின் போலாரிட்டியைத் திருப்பிச் சேர்த்தால் மிஞ்சுவதுதான் வித்தியாசம். ஒன்றும் மிஞ்சவில்லை என்றால் வாதம் முடிந்தது. மிஞ்சினால் அது நல்லதா கெட்டதா என்பது தனிப் பேச்சு; ஃபேஸ் கொஞ்சம் நகர்ந்தாலே நிறைய மிஞ்சும், அதைப் பார்த்து மிரள வேண்டாம்.

ஒலியைப் போட்டுக்கொண்டே அதன்மேல் பேசாதீர்கள். "இப்போது 400 ஹெர்ட்ஸைக் கவனியுங்கள்" என்று முதலில் சொல்லிவிட்டு 15, 20 விநாடி ஓடவிட்டு நிறுத்துங்கள். நுணுக்கமான ஒலி வித்தியாசம் நினைவில் சில விநாடிதான் நிற்கும். மூன்று நிமிடப் பாட்டை முழுதாகப் போட்டு, அடுத்த மிக்ஸை முழுதாகப் போட்டு, எது மேல் என்று கேட்பது பயனற்ற ஒப்பீடு.

பின்_இரண்டு

நீங்கள் மிக்ஸிங் தொழிலையும் விடப்போவதில்லை என்று நினைக்கிறேன். அப்படியானால் வகுப்பு நாளில் வகுப்புக்குப் பிறகு மிக்ஸ் வைத்துக்கொள்ளாதீர்கள். 3 மணி நேரம் பிங்க் நாய்ஸும் டிரம் லூப்பும் கேட்ட காது உயர் ஒலியில் மந்தமாகிவிடும், அன்று செய்யும் மிக்ஸ் மறுநாள் காலையில் கூச்சலாகக் கேட்கும். அந்த நேரத்தை எடிட்டிங், ஃபைல் ஒழுங்கு, விலைப்புள்ளி அனுப்புவது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளரின் செஷனை வகுப்பில் திறப்பதானால் எழுத்தில் அனுமதி வேண்டும், பாடகர் உட்பட. அதைவிட, மாணவர்களே பதிந்ததை, அவர்கள் ஒப்புதலோடு, அடுத்த வகுப்புக்குப் பாடப்பொருளாக்குவது சிக்கலில்லாத வழி.

வேலைக்கு மனுப்போடும் மாணவர்களுக்கு 90 விநாடி மாதிரி ஒன்றும், அதன் முன்-பின் ஒப்பீடும் போதும். முழுப் பாட்டு அனுப்பினால் கேட்பவர் முதல் அரை நிமிடத்தில் நிறுத்திவிடுவார். வேலை ஏற்கும்போது என்னென்ன ஃபைல் ஒப்படைக்க வேண்டும், எத்தனை முறை திருத்தம், செஷனை எவ்வளவு காலம் பாதுகாக்க வேண்டும் என்ற மூன்றையும் எழுதி வாங்கப் பழக்குங்கள். புதிதாக வருபவர்கள் கூலியில் ஏமாறுவதைவிட முடிவில்லாத திருத்தத்தில்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

தடம்_எட்டு

எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று: வகுப்பில் மானிட்டர் அளவை எதில் நிறுத்துவது? ஆளாளுக்கு வந்து குமிழைத் திருப்புவார்கள்.

மோனோ_செக்

சராசரி −20 டிபிஎஃப்எஸ் ஆர்எம்எஸ் உள்ள பிங்க் நாய்ஸை ஒரு ஸ்பீக்கரில் மட்டும் ஓடவிடுங்கள். சவுண்ட் லெவல் மீட்டரை சி வெயிட்டிங், ஸ்லோ என்று வைத்து, காது இருக்கும் இடத்தில் பிடியுங்கள். பெரிய மிக்ஸிங் அரங்குகளில் 83 முதல் 85 டெசிபல் வைப்பார்கள். உங்களுடையது போன்ற சிறிய அறையில் 74 முதல் 76 போதும். அடுத்த ஸ்பீக்கரையும் தனியாக அதே அளவுக்குக் கொண்டுவாருங்கள், அரை டெசிபலுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. குமிழ் நின்ற இடத்தில் டேப் ஒட்டிக் கோடு போட்டுவிடுங்கள். மிக்ஸ் எல்லாம் அந்தக் கோட்டில்தான். அடி ஒலியைச் சோதிக்க ஒரு நிமிடம் ஏற்றலாம், பிறகு கோட்டுக்குத் திரும்ப வேண்டும்.

அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷ் பரிந்துரைக்கும் வரம்பையும் கன்ட்ரோல் ரூம் கதவில் ஒட்டுங்கள்: ஏ வெயிட்டிங்கில் (காதின் உணர்வுக்கு ஏற்ப அளக்கும் முறை) 85 டெசிபல் என்றால் நாளுக்கு 8 மணி நேரம், 88-க்கு 4, 91-க்கு 2, 94-க்கு 1, 100-க்கு 15 நிமிடம். 3 டெசிபல் ஏறினால் நேரம் பாதி. ஹெட்ஃபோனில் எந்த மீட்டரும் இருக்காது என்பதால், முதலில் ஸ்பீக்கரைக் கோட்டில் வைத்துக் கேட்டுவிட்டு, அதே உரப்புக்கு ஹெட்ஃபோன் குமிழை இறக்கி, அங்கேயும் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். ஸ்பீக்கரைக் கடைசியில் ஆன் செய்வது, முதலில் ஆஃப் செய்வது. ஃபேன்டம் பவரைப் போடுவதற்கும் எடுப்பதற்கும் முன் சேனலை மியூட் செய்வது. இந்த இரண்டும் அதே தாளில் கீழே இருக்கட்டும்.